மூடியில் எழுதிய எண்

1

‘என் தோழி சொன்ன கதை இது’ என்று தொடங்கியிருந்தேன். அடித்துவிட்டேன். எனக்கு அவ்வளவு தோழிகள் கிடையாது. நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தில், என் மேசைக்கு வெகு அருகில் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தொடக்கம்: ‘நாள்பட்ட நடுக்காதுத் தொற்றில் பெரும்பாலும் காணப்படும் கிருமிகளில் சூடோமோனாஸ்—’ (இது என் பட்டப்படிப்பு விடைத்தாள். கதை அல்ல.)

மூன்றாவது: அவள் பேசினால் அவளுக்கே கேட்காது.

இது இருக்கட்டும்.

2

கூடத்தில் அவளுக்கு ‘மியூட்டு’ என்று பெயர். வைத்தவர் மூத்த டெக்னீஷியன். அவள் அக்கா என்று கூப்பிடுபவர். ‘ஏய் மியூட்டு, சத்தமா சொல்லு. இங்க யாரும் தூங்கல.’

காதுச் சீழில் வளர்ந்த கிருமியைத் தட்டில் பரப்பி, அதன்மேல் மருந்து தோய்த்த சிறு காகித வட்டுகளை வைப்பார்கள். மருந்துக்கு அடங்கும் கிருமி என்றால், மறுநாள் வட்டைச் சுற்றித் தெளிவான வளையம் இருக்கும். அடங்காத கிருமி வட்டின் விளிம்புவரை வளர்ந்து நிற்கும். வளையங்களை அளந்து எழுதுவது அவள் வேலை.

நோயாளியின் எண்ணைத் தட்டின் அடியில் எழுத வேண்டும். மூடியில் எழுதக் கூடாது.*

அன்று மூடியில் எழுதியிருந்தாள். (‘அவசரத்தில்’ என்று எழுதி அடித்தேன். அவசரமெல்லாம் இல்லை. மேலிருந்து பார்த்தால் மூடிதான் கண்ணில் படும். அவ்வளவுதான்.)

* அக்கா முதல் நாளே சொன்னது: ‘மூடியை நம்பாத. அது எந்தத் தட்டு மேலயும் உக்காரும்.’

3

பதினேழாம் எண் ஒரு பஸ் டிரைவர். ஆறு வருடமாக இடது காதில் சீழ். அடுத்த மாதம் அவருக்குச் செவித்திறன் சோதனை. தேறாவிட்டால் வண்டி கிடைக்காது. பதினெட்டு, ஒரு தையல்காரம்மா.

இருவர் தட்டிலும் ஒரே கிருமி. அதே பச்சை, பழுத்த திராட்சை போல அதே வாசனை. ஆனால் ஒரு தட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து வட்டைச் சுற்றி இருபத்தெட்டு மில்லிமீட்டர் வளையம். இன்னொன்றில் ஒன்றுமே இல்லை.

எந்தப் பச்சை அடர்த்தி என்று பார்க்க, இரண்டையும் திறந்து விளக்கடியில் இப்படியும் அப்படியும் மாற்றி வைத்தாள். (அழகாக இருக்கும். சீழில் வந்தது என்று தோன்றாது.) மூடப்போன கை அப்படியே நின்றது.

எந்த மூடி எதற்கு?

4

முதல் முடிவு: குத்துமதிப்பாக மூடிவிடுகிறாள். பாதிக்குப் பாதி. யாருக்கும் தெரியாது. தவறிப்போனால், டிரைவர் பலிக்காத சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டுக்கொண்டிருப்பார். காது ஒழுகிக்கொண்டிருக்கும், சோதனைத் தேதி வந்துவிடும். இந்த முடிவை ஒரு வாரம் வைத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாம் முடிவு: கிருமியை முதலில் வளர்த்த பழைய தட்டுகளை எடுத்து மறுபடி— (அவற்றைக் காலையில் அவளேதான் ஆட்டோகிளேவில் போட்டு அழித்தாள். கதைக்காக அதை மாற்ற மனம் வரவில்லை.)

5

‘அக்கா, மூடில எழுதிட்டேன்.’

‘என்னது?’

‘மூடில.’

அக்கா தட்டுகளைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

‘ரெண்டு பேரையும் நாளைக்கே வரச் சொல்லு. சீழ் புதுசா எடுக்கணும். அதுவரைக்கும் மருந்து எதுவும் விட வேணாம்னு சொல்லு. போன் அங்க இருக்கு.’

‘நீங்க பேசுறீங்களாக்கா?’

‘எழுதினது நானா?’

தையல்காரம்மாவிடம் சுலபமாக முடிந்தது. ‘ஏன் கண்ணு, என் காதையே தொலைச்சிட்டீங்களா?’ என்று சிரித்தார். வருகிறேன் என்றார்.

பிறகு டிரைவர்.

‘லேப்ல இருந்து பேசுறேன் சார். உங்க தட்டு...’

‘கேக்கல. இருங்க, இன்னொரு காதுக்கு மாத்திக்கறேன். ம், இப்ப சொல்லுங்க.’

‘உங்க தட்டும் இன்னொருத்தர் தட்டும்...’

‘அட, சத்தமா சொல்லும்மா! கொசு பாடுற மாதிரி இருக்கு. காது நல்லா ஆயிடுமா, ஆகாதா? அத மட்டும் சொல்லு.’

அதுவரை மூலையில் இரைந்துகொண்டிருந்த, ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் அந்த நேரம் பார்த்து நின்றது. கூடம் முழுக்க அமைதி. எட்டுப் பேர் இருந்தார்கள்.

6

அவள் சொல்ல வேண்டிய வாக்கியம் இது:

[தப்பு என்னுது சார். தட்டு மாறிப்போச்சு. நாளைக்கு இன்னொரு தடவை வாங்க.]

சொன்னாள் என்று எழுதிப் பார்த்தேன். எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினாலும் தாளில் சத்தம் வரவில்லை. கத்துவது எனக்கும் வராது.

அதனால் உங்களிடம் தருகிறேன். அடைப்புக்குறியை எடுத்துவிடுங்கள். மனதுக்குள் வாசிக்க வேண்டாம். அவர் போனை நல்ல காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.