இனாயத் அத்தைக்கு அறுபது நாற்காலி

என் மாமியார் இனாயத் ஏறி இறங்காத துக்க வீடு அலெக்ஸாண்ட்ரியாவில் கிடையாது. செத்தது யார் என்று தெரியாமலே கூடப் போவார். போன இடத்தில் அழுகிறவளைச் சிரிக்க வைத்து, சிரித்தவளின் மகளுக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். அப்படிப்பட்டவரின் துக்கத்துக்கு ஆள் வரவில்லை.

மசூதி மண்டபத்தின் பெண்கள் பக்கத்தில் என் நாத்தனார் சுஹைர் அறுபது நாற்காலி போட்டிருந்தாள். தொழுகை முடிந்து அரை மணி ஆகியும் வந்தது ஒன்பது பேர். அத்தையின் சிநேகிதிகளில் பாதிப் பேர் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு முழங்கால் வலி.

“அண்ணி, இத்தனை நாற்காலி காலியாக் கெடக்கே. அம்மா எத்தனை வீட்டுக்குப் போயிருப்பாங்க! அவங்களுக்கு அறுபது பேர் வரலைன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாளைக்கு மீன் வாங்கப் போவேன்?”

“தள்ளித் தள்ளி உக்காரச் சொல்லு. கூட்டம் மாதிரி தெரியும்.”

“ஒம்போது பேர எவ்வளவு தூரம்தான் தள்றது?”

இருபத்திரண்டு வருஷம் அத்தையின் வாயில் அகப்பட்டவள் நான். அவர் போனதற்கு எனக்கு இன்னும் அழுகைகூட வரவில்லை. ஆனால் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்ததும் கோபம் மட்டும் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த மண்டபத்தில் யாரோ ஓய்வு பெற்ற நீதிபதியின் துக்கம். வாசலில் கார் மேல் கார். கறுப்புக் கண்ணாடி போட்ட சீமாட்டிகள் இறங்கி இறங்கி வந்தார்கள். அங்கே போக எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

“வாங்க வாங்க, உள்ள வாங்க” என்று முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளினேன். நான் பொய் சொல்லவில்லை. எந்த வீட்டுத் துக்கம் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. “போனவரோட மிச்ச ஆயுசு உங்களுக்குச் சேரட்டும்” என்று முறைப்படி துக்கம் கேட்டார்கள். வாங்கி வைத்துக்கொண்டேன்.

உட்கார்ந்து சர்க்கரை போடாத காபியைக் கையில் வாங்கிவிட்டால், குர்ஆன் ஓதுகிறவர் நிறுத்தும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. இது எங்கள் ஊர் மரியாதை. நாற்பது பேர் அப்படி மாட்டினார்கள். பாதிப் பேருக்கு இடம் மாறிவிட்டது என்று புரிந்துவிட்டது. ஒருத்தரை ஒருத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டார்கள்.

ஓதுவது நின்றது. அத்தனை பேரும் கைப்பையைத் தூக்கினார்கள். சுஹைர் என் கையைக் கிள்ளினாள். அந்த நேரம் பார்த்து டிராம் ஓட்டியின் பெண்டாட்டி நாதிரா உரக்க ஆரம்பித்தாள்.

“இனாயத் அக்கா ஒரு கால படியில வச்சுக்கிட்டு, ஒரு கால தரையில வச்சுக்கிட்டு, சிநேகிதியோட வம்பு முடியற வரைக்கும் டிராமயே நிறுத்தி வச்சாங்க. எங்க வீட்டுக்காரர் கத்தினாரு. ‘தம்பி, அடுத்த ஸ்டாப் எங்கயாவது ஓடிப் போயிடுமா? உனக்கு இவ்வளவு கோவம் வருதே, இன்னும் கல்யாணம் ஆகலையா?’ன்னாங்க. மறு மாசம் என்னைக் கட்டி வச்சாங்க. அவருக்கு இன்னும் கோவம் போகல!”

கைப்பைகள் மடிக்கு இறங்கின. அடுத்து மருந்துக்கடைக்காரி: “உப்ப நிறுத்தினா அஞ்சு வருஷம் கூட இருப்பீங்கன்னு அக்காகிட்ட டாக்டர் சொன்னாரு. ‘உப்பில்லாத மொச்சைய அஞ்சு வருஷம் திங்கணுமா? அந்த அஞ்சையும் உங்க மாமியாருக்குக் குடுத்துடுங்க’ன்னாங்க. டாக்டர் முகம் போன போக்கப் பாக்கணுமே!”

மண்டபமே குலுங்கியது. ஒரு சீமாட்டிக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது.

அப்போதுதான் வாசலில் நீதிபதியின் மனைவி தௌலத் ஹானிம் வந்து நின்றார். பெரிய வீட்டுப் பெண்களை நாங்கள் ‘ஹானிம்’ என்றுதான் கூப்பிடுவோம்.

“என் வீட்டுக்காரர் துக்கத்துக்கு வந்தவங்க எல்லாம் இங்க என்ன செய்றீங்க?”

சிரிப்பு செத்தது. சுஹைரின் முகம் வெளுத்துப்போனது. நான் எழுந்து நின்றேன்.

“நான்தான் இழுத்துட்டு வந்தேன், ஹானிம். எங்க அத்தைக்கு ஆள் வரல.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

“அங்க ஒரு மணி நேரமா ‘நேர்மையானவர், நேர்மையானவர்’னு ஒரே பாட்டு. நாப்பது வருஷம் கூட இருந்திருக்கேன், சொல்லிச் சிரிக்க ஒண்ணு இல்ல. இங்க சொன்னதெல்லாம் சுவர் தாண்டிக் கேட்டுது. உன் மாமியார் உன்னை என்ன சொன்னாங்க? அதச் சொல்லு.”

யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

“கல்யாணமான புதுசுல முட்டைக்கோஸ் இலையில அரிசி வச்சுச் சுருட்டினேன். ஒவ்வொண்ணும் என் கை தண்டிக்கு இருந்துச்சு. அத்தை விருந்தாளிங்ககிட்ட, ‘என் மருமக செஞ்சது, தலைக்கு வச்சுத் தூங்கறவங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க’ன்னாங்க. ஊரே சிரிச்சுது. எங்க வீட்டுக்காரரும் சிரிச்சாரு!”

மண்டபத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். தௌலத் ஹானிம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “யாரும் சாப்பிடலையா?”

“சட்டிய அத்தை தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க. ‘இது எனக்கு, யாரும் தொடக் கூடாது’ன்னாங்க. உள்ள அரிசி வேகவே இல்ல, ஹானிம். அத்தனையும் அவங்களே தின்னாங்க. ரெண்டு நாள் வயித்து வலி. டாக்டர்கிட்ட, ‘என் சமையல்தான், வயசாச்சு, கைப்பக்குவம் போயிடுச்சு’ன்னாங்க.”

தௌலத் ஹானிம் வாசலைப் பார்த்துத் தன் மகனைக் கூப்பிட்டார்.

“அங்க இருக்கற நாற்காலி எல்லாத்தையும் இங்க கொண்டு வா.”

“அம்மா, அப்பாவோட துக்கம்...”

“அவர் துக்கத்தையும் இங்கயே கேட்டுக்கலாம். இன்னைக்காவது நாலு பேரோட சிரிச்சு இருக்கட்டும்.”

அங்கே மிச்சம் இருந்தவர்களும் வந்து சேர, அறுபது நாற்காலி போதவில்லை. சுஹைர் எண்ணி எண்ணிப் பூரித்தாள். நான் உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றேன். அந்தச் சட்டியைப் பற்றி இனி யாருமே சிரிக்கக் கூடாது என்று இருபத்திரண்டு வருஷம் வேண்டியவள் நான். இன்று நானே சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். இதைக் கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் அங்கே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தேன்.