கடையில் ஓடிய பித்தப்பை

கணக்கு வாத்தியாருக்கு ரத்தம் என்றாலே ஆகாது. காய் நறுக்கும்போது கத்தி விரலில் லேசாகக் கீறினாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்கு வாய்த்த மனைவியோ வயிற்று ஆபரேஷன் செய்யும் டாக்டர். அவள் ஆஸ்பத்திரிக் கதையை ஆரம்பித்தால் போதும், இவர் பேச்சை மாற்றிவிடுவார்.

ஜூனியர் டாக்டர்கள் செய்யும் ஆபரேஷன்களின் வீடியோவை வீட்டில் பார்த்து, எது சரி எது தப்பு என்று சொல்வது அவள் பொறுப்பு. வீட்டிலிருந்த பழைய மானிட்டரில் எல்லாமே ஒரே செம்மண் குழம்பாகத் தெரிந்தது. புதுசு வாங்கியே ஆகவேண்டும் என்றாள். வாத்தியாரும் உற்சாகமாகக் கிளம்பினார்.

கடைக்காரர் முதலில் வளைந்த திரை ஒன்றைக் காட்டினார். "இதுல கேம் ஆடினா குண்டு காதை உரசிட்டுப் போற மாதிரி இருக்கும் சார்!"

"குண்டெல்லாம் வேண்டாங்க" என்று டாக்டர் ஒரு பென்டிரைவை நீட்டினாள். "இதை எல்லாத்துலயும் ஒண்ணா போடுங்க. ஒப்பிட்டுப் பாக்கணும்."

கல்யாண வீடியோ என்று நினைத்தாரோ என்னவோ, கடைக்காரர் சிரித்த முகமாகப் போட்டுவிட்டார். அடுத்த கணம் சுவர் நிறைய மாட்டியிருந்த திரைகளில் எல்லாம் ஈரலும் பித்தப்பையும் பளபளத்தன. கீபோர்டு வாங்க வந்த அம்மாள் "ஐயய்யோ!" என்று அலறினாள்.

"பயப்படாதீங்க. யாரோட வயிறுன்னு இதுல பேர்கூட கிடையாது" என்றாள் டாக்டர்.

வாத்தியார் சட்டென்று திரும்பி, பிரிண்டர் அட்டைப்பெட்டி மேல் அச்சிட்டிருந்ததைச் சிரத்தையாகப் படிக்கத் தொடங்கினார்.

"இது ரொம்ப மினுக்குது, எல்லாத்துக்கும் லிப்ஸ்டிக் பூசின மாதிரி. இதுல என் மூஞ்சிதான் தெரியுது. இது பக்கவாட்டுல நின்னு பாத்தா வெளிறிப்போகுது..." ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனவள், மூலையிலிருந்த ஒன்றின் முன் நின்றாள். "என்னங்க, இங்க வந்து பாருங்களேன்."

"நான் இங்கயே சௌக்கியமா இருக்கேன்மா."

"பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரிதாங்க இதுவும். ஆபரேஷன் பண்ற இந்த ஜூனியர் பையன் எங்க தப்பு பண்ணப் போறான்னு கண்டுபிடிங்க பாப்போம்."

இருபது வருஷமாகத் தப்பு பிடித்தே பழகிய மனுஷர். எத்தனை நேரம்தான் அட்டைப்பெட்டியைப் படிப்பார்? ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் திரும்பினார். மூலைத் திரையில், மஞ்சள் கொழுப்புக்குப் பின்னால் ஊதாவாக ஒரு ரத்தக்குழாய் நூல்போல ஓடியது. மினுக்குகிற திரையில் அந்த இடம் வெறும் சிவப்பு. இடுக்கி அதை நோக்கி நகர்ந்தது. மூடியிருந்த கண்ணும் தானாகத் திறந்துகொண்டது.

"டேய், அங்க போகாதேடா!" என்று கத்தினார்.

கடையே திரும்பிப் பார்த்தது. இடுக்கி பட்டது, ரத்தம் பீய்ச்சியடித்தது. கடைக்காரர் பதறிப்போய்ப் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டார். வாத்தியார் அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்புறம் என்ன ஆச்சு?" அலறின அம்மாள்தான் முதலில் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலைம்மா. பஞ்சை வச்சு அழுத்திப் பிடிச்சான், கிளிப் போட்டான், நின்னுடுச்சு. ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பெரியவர் நர்ஸோட சண்டை போட்டுக்கிட்டே நடந்து வீட்டுக்குப் போனாரு."

கடை முழுக்க ஒரு பெருமூச்சு.

"நமக்கு அந்த மூலைல இருக்குறதுதான்" என்றார் வாத்தியார், அட்டைப்பெட்டியை விட்டு எழாமலே.

கடைக்காரருக்கு நம்பிக்கையில்லை. "அதுல பளபளப்பு கம்மிங்க. யாரும் சீண்டவே மாட்டேங்கிறாங்க."

"அதனாலதாங்க கேக்குறோம்" என்று சிரித்தாள் டாக்டர்.

வீட்டில் அலமாரியின் ஒரு தட்டைக் கழற்றினால்தான் மானிட்டர் நிற்கும். வாத்தியாரே திருகாணியைக் கழற்றினார். அவள் வீடியோவைப் போட்டதும், நாற்காலியைக் கதவுப் பக்கமாக, ஓடத் தோதாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இது எதுக்கு? அது ஏன் பச்சையா இருக்கு?" என்று கேள்விமேல் கேள்வி. அவளுக்கோ வாய் ஓயவில்லை; கல்யாணமான நாளாகச் சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தாள். சாப்பாட்டு நினைப்பு வந்தபோது அடுப்பில் வைத்தது ஆறி அவலாகியிருந்தது. அதைச் சுடவைக்கப் போனவர் பாதியிலேயே திரும்பி வந்தார்.

"நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வை!"