எய்லிக்காக ஒரு போன்

பால் புட்டியை வாசலிலேயே வைத்து, பிளீச் தண்ணீரில் நனைத்த துணியால் எய்லி துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொட்டி உறை, பிறகு சூப் டின்கள். சட்டைக் கையை அவள் மேலே தள்ளிவிட்டபோதுதான், சக்கர நாற்காலியில் இருந்த லோர்னாவின் கண்ணில் அது பட்டது. மகளின் விரல் மூட்டுகள் எல்லாம் வெடித்து, வெடிப்புகளில் ரத்தம் காய்ந்திருந்தது. பதினைந்து வயதுப் பெண்ணின் கை.

"என்னடி, கையை இப்படி ஆக்கி வெச்சிருக்கே?"

"ஒண்ணுமில்லம்மா. கிரீம் போட்டா சரியாயிடும்." சட்டைக் கை உடனே கீழே இறங்கிவிட்டது.

லோர்னாவின் கால்களை நரம்பு நோய் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. கைகளும் இப்போது பாதிதான் சொன்னபடி கேட்கும். கொரோனாவுக்கு முன் தினமும் காலையில் ஒரு பெண் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவாள். ஊரடங்கில் அவளே காய்ச்சலில் படுத்துவிட, அவளை அனுப்பிய ஆபீஸில் வேறு ஆளை அனுப்புகிறோம் என்றார்கள். எய்லிதான் வேண்டாம் என்றாள். "பத்து வீடு ஏறி இறங்கி வர்றவங்கம்மா. உனக்கு வந்தா நீ தாங்கமாட்டே. நான் பாத்துக்கறேன்." அன்று லோர்னாவுக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் பெருமையை நினைக்கக் கூசியது. பள்ளி வகுப்பு போனில் ஓடிக்கொண்டிருக்கும். எய்லி கேமராவை அணைத்துவிட்டு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருப்பாள். தோழிகள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. இவள் சிரிப்பதை எப்போது நிறுத்தினாள்? தன்னைத் தூக்கி உட்கார வைக்கும்போது அவ்வளவு பக்கத்தில் வரும் முகம்தான். கவனிக்கவில்லை.

எய்லி குளிக்கப் போன நேரத்தில், லோர்னா விரல் முட்டியால் போனில் எண்களை அழுத்தினாள். வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கென்று அவர்கள் ஊரான கிரீனக்கில் ஒரு மையம் இருந்தது.

"உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

"எனக்கில்ல. என் பொண்ணுக்கு. கொஞ்ச நேரமாவது அவளை என்கிட்டேயிருந்து விடுவிக்கணும்."

சொன்னபிறகுதான், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

விஷயம் தெரிந்ததும் எய்லி கத்தித் தீர்த்துவிட்டாள். "நீயே போன் பண்ணியா? இனிமே ஆபீஸ்காரங்க வருவாங்க. இந்தப் பொண்ணால முடியலைன்னு சொல்லி உன்னை நோயாளிங்க ஹோமுக்கு அனுப்பிடுவாங்க. அங்கெல்லாம் எப்படிச் சாவறாங்கன்னு டிவியில பாக்கலையா நீ? நான் என்னம்மா குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் வெக்கல. அதான்டி பயமா இருக்கு."

அன்று ராத்திரி சாப்பாட்டை ஸ்பூனில் எடுத்து ஊட்டும்போதுகூட எய்லி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மையத்திலிருந்து பெர்னடெட் வந்தாள். பருத்த உடம்பு, முகக்கவசம், மழையில் நனைந்த பிளாஸ்டிக் மேலங்கி. "என் மூக்கு இருக்கே, எந்த மாஸ்க்குக்கும் அடங்காது" என்றபடியே கையைக் கழுவப் போனாள். எய்லி பின்னாலேயே போய்க் காவல்காரி மாதிரி நின்றாள்.

"நல்லா பாத்துக்கோ கண்ணு, நகத்தையும் தேச்சாச்சு. உங்கம்மாவை யாரும் எங்கேயும் அனுப்பப்போறதில்ல. நான் இங்கே இருக்கேன், நீ வெளிய போயிட்டு வா."

"எங்க போறது?"

"அது உன் இஷ்டம்."

எய்லி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கதவருகிலேயே நின்றாள். தோளைப் பிடித்து இழுக்கக் கூடாது, இடது பக்கம்தான் முதலில் தூக்க வேண்டும், டீயில் அதைக் கெட்டியாக்கும் பொடி கலக்காவிட்டால் புரையேறும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். லோர்னாவுக்கு ரொம்ப நேரமாகச் சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றது. கேட்டால் மகள் ஜாக்கெட்டைக் கழற்றிவிடுவாள்.

"போடி. சும்மா நிக்காதே" என்றாள், குரலைக் கடுமையாக்கி.

கதவு மூடியது. காலடிச் சத்தம் படிகளில் இறங்கித் தேயும்வரை காத்திருந்தாள். பிறகு சுவரைப் பார்த்தபடி, "பாத்ரூம் போகணும்" என்றாள். பெர்னடெட்டின் கைகள் குளிர்ந்திருந்தன. அவளிடம் வேறு யாரோ வீட்டுச் சோப்பு மணத்தது. உள்ளாடையை இறக்கும்போது லோர்னா கண்களை மூடிக்கொண்டாள். பெர்னடெட் அந்த நேரத்தில் வேடிக்கை எதுவும் பேசவில்லை.

பிறகு ஜன்னலோரம் கொண்டுபோய் விடச் சொன்னாள். கீழே கடற்கரைச் சாலையில் எய்லி நின்றுகொண்டிருந்தாள், வழி தெரியாதவள்போல. கொஞ்சம் நடந்தாள், நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி கொஞ்சம் நடந்தாள். படகுத்துறைப் பக்கமிருந்து ஊதல் சத்தம் வந்தது. திடீரென்று, துரத்த ஒருவரும் இல்லாமல், போய்ச்சேர ஓரிடமும் இல்லாமல், அந்தப் பெண் ஓட ஆரம்பித்தாள். ஜாக்கெட் இரண்டு பக்கமும் விரிந்து பறக்க, தேங்கிய தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு, ஜன்னல் சட்டத்தின் விளிம்பில் மறைந்துபோகும் திசையில் ஓடினாள்.

"நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் லோர்னா. "இன்னும் கொஞ்சம்."