முன்சக்கரப் பூட்டு

என் கணவருக்கு உடைந்த பொருள்கள்மீதுதான் நம்பிக்கை. நன்றாக ஓடுகிற வண்டியைப் பார்த்தால் அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்துவிடும். லாரியோ டிராக்டரோ, எது வந்தாலும் அதன் அடியில் மல்லாந்து படுத்து ஆக்சிலையும் டிஃபரன்ஷியலையும் பிரித்து மாட்டுவது அவர் தொழில். பட்டறையில் எல்லோரும் அவரைக் கிரீஸ் என்பார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

நான் சொந்தமாகக் கோழி வளர்க்கப் போகிறேன் என்று சொன்னபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ம்" என்றார். அந்த "ம்" எனக்குத் தெரியும். யாராவது ஓய்ந்துபோன எஞ்சினைக் கொண்டுவந்து, இன்னும் கொஞ்ச நாள் ஓடும்தானே என்று கேட்டால் அவர் போடுகிற "ம்" அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவர் கொட்டகையில் வருடக்கணக்கில் தீவனம் போட்டு, தண்ணீர் வைத்து, நோய் பார்த்துத் தேறியவள் நான். எனக்கென்று ஒரு கொட்டகை வேண்டும் என்று தோன்றாதா?

கொட்டகை கிடைத்தது. தார்ச்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் மேட்டின்மேல் இருக்கிறது. அங்கே லாரி வராது. அதற்காகத்தான் ஒரு பண்ணை வண்டியை வாங்கினோம். அதைக் காரென்றும் சொல்ல முடியாது, டிராக்டரென்றும் சொல்ல முடியாது. முன்னால் இரண்டு இருக்கை, தலைக்கு மேல் ஒரு கூரை, பக்கத்தில் கதவு கிடையாது, பின்னால் சாமான் ஏற்ற ஒரு பெரிய தட்டு, நான்கும் முரட்டுச் சக்கரம். பச்சை நிறமும் துருத்திய விளக்குமாக இருந்ததால் தவளை என்று பெயர் வைத்தேன்.

தவளையின் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. முதல் நிலையில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். இரண்டாவதில் நான்கும் இழுக்கும். மூன்றாவது நிலை, முன் டிஃபரன்ஷியலைப் பூட்டுவதற்கு. வண்டி வந்த அன்றே கிரீஸ் அந்த மூன்றாவதற்குப் போக முடியாதபடி கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார்.

"இதத் தொடவே கூடாது," என்றார்.

"ஏன்?"

"திரும்பும்போது ஒரு சக்கரம் அதிகமா ஓடணும், இன்னொண்ணு கம்மியா ஓடணும். அதுக்குத்தான் டிஃபரன்ஷியல். அதப் பூட்டிட்டா முன்னாடி ரெண்டும் ஒண்ணாதான் சுத்தும். காஞ்ச தரையில அப்படியே திருப்பினா ஆக்சில் முறுக்கிட்டு ஒடஞ்சுடும். எங்கிட்ட எத்தன வண்டி அப்படி வந்திருக்குன்னு தெரியுமா?"

"சேத்துல மாட்டினா?"

"நாலு சக்கரமும் இழுக்கும். அது போதும்."

வாதாடி அவரை ஜெயித்தவர்கள் இல்லை. டேப்பைத்தானே ஒட்டினார், ஒட்டிவிட்டுப் போகட்டும், பிரிக்க எனக்கு நகம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

முதல் பேட்ச் குஞ்சுகள் வந்த அன்று காலையிலிருந்தே மழை. பொரிப்பகத்து லாரி, பெட்டிகளைச் சாலையோர நிழற்குடையில் இறக்கியது. பக்கமெல்லாம் துளை போட்ட அட்டைப் பெட்டிகள். உள்ளே முந்தின நாள் பொரிந்த குஞ்சுகள். டிரைவர் பெட்டிகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சீக்கிரம் கொண்டு போயிடுங்கக்கா. குளிர் தாங்காது."

எனக்குத் தெரியாதா என்ன! முதல் பேட்சிலேயே சேதம் அதிகமானால் பொரிப்பகத்தார் அடுத்த பேட்ச் தரமாட்டார்கள். அவர்கள் வழக்கம் அது. கொட்டகை காலியாகக் கிடக்கும், நான் மறுபடியும் அடுத்தவர் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போக வேண்டியதுதான்.

கிரீஸும் கூட வந்திருந்தார், வலது கையில் மாவுக்கட்டோடு. காலமெல்லாம் லாரிக்கு அடியில் படுத்து எழுந்த மனுஷன், குளியலறையில் பல்பு மாற்றப் போய் ஸ்டூலிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். வீட்டிலேயே இருங்கள் என்றால் கேட்கவில்லை. "நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன்," என்றார். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

நானும் டிரைவரும் பெட்டிகளைத் தட்டில் அடுக்கினோம். மேலே தார்ப்பாயைப் போட்டு, காற்றுப் போக ஓரத்தில் இடைவெளி விட்டுக் கட்டினேன். கிளம்பும்போதே நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. அவள் கொட்டகையில் ஹீட்டர்களைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"அண்ணி, உள்ள நல்லா சூடாயிடுச்சு. நான்தான் குஞ்சு மாதிரி உக்காந்திருக்கேன். எப்ப வர்றீங்க?"

"இதோ வந்துட்டோம்," என்றேன்.

சொன்ன வாய் மூடுவதற்குள் பள்ளத்தில் மாட்டிக்கொண்டோம். மழைத்தண்ணீர் பாதையைச் சேறாக்கியிருந்தது. ஏற்றத்தின் பாதியில் வண்டி நின்றது. நான் நான்கு சக்கரத்துக்கு மாற்றினேன். உறுமல்தான் கூடியது. பின்சக்கரங்கள் தங்களுக்குத் தாங்களே குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்தன.

"மிதிக்காத, மிதிக்காத! இன்னும் எறங்கும்," என்று சொல்லிக்கொண்டே அவர் வெளியே எட்டிப் பார்த்தார். "முன்னாடி இடது சக்கரம் சும்மா சுத்துது. வலது நிக்குது."

"வலது எதுமேல நிக்குது?"

கொஞ்சம் தாமதமாகப் பதில் வந்தது. "ஜல்லிமேல."

ஜல்லியில் நல்ல பிடிப்போடு நிற்கிற சக்கரம் வேலை செய்யவில்லை. சேற்றில் வழுக்குகிற சக்கரம் எல்லாச் சக்தியையும் வாங்கிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றுகிறது. பூட்டாத டிஃபரன்ஷியலின் குணமே அதுதான். எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். எங்கள் சொந்தக்காரர்களிலும் அப்படிச் சிலர் உண்டு.

பின்னால் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. சூடாக இருக்கும்போது அவை தமக்குள் பேசிக்கொள்வது போல மெல்ல ஒலி எழுப்பும். குளிர்ந்தால் கீச்சென்று கத்தும். இப்போது கீச்சென்றுதான் கேட்டது. அதுகூடப் பரவாயில்லை. சத்தம் அடங்க ஆரம்பித்தால்தான் பயப்பட வேண்டும்.

நான் டேப்பைப் பிரித்தேன்.

"ஏய், என்ன பண்ற?"

"பூட்டப் போறேன்."

"ஒடஞ்சா?"

"அதுக்குத்தான வீட்டுல ஒரு ஆள வெச்சிருக்கேன். நீங்க செஞ்சு குடுங்க."

சுவிட்சை மூன்றாவதற்குத் தள்ளினேன். எதிரில் சின்ன விளக்கு ஒன்று சிமிட்டியது. பூட்டு விழுந்துவிட்டால் அது சிமிட்டாமல் நின்று எரிய வேண்டும். காத்திருந்தேன். சிமிட்டியது. இன்னும் காத்திருந்தேன். சிமிட்டிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால் என் கணவர் மழையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடக் குடும்பத்தில் அவர் மழையை அப்படி ரசித்ததே இல்லை.

"என்னங்க."

"ம்."

"இது ஏன் சிமிட்டிக்கிட்டே இருக்கு?"

தொண்டையைச் செருமினார். "கீழ, பூட்டு போடுற மோட்டாருக்குப் போற வயர் சாக்கெட்ட கழட்டி வெச்சிருக்கேன்."

"எப்போ?"

"டேப் ஒட்டின அன்னைக்கே. நீ எப்படியும் டேப்பப் பிரிச்சிடுவேன்னு தெரியும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருண்டது. சொல்வதற்கு வாய் நிறைய இருந்தது. கொட்டகைக்கு அவர் போட்ட "ம்"மிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொல்லியிருப்பேன். ஆனால் அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு மூலையில் சத்தம் குறைந்தது. மற்ற பெட்டிகள் கத்துகின்றன, அந்த மூலை மட்டும் அடங்குகிறது.

"இறங்குங்க," என்றேன். "எங்க இருக்குன்னு காட்டுங்க."

உடனே இறங்கினார். சேற்றில் முட்டிபோட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் இடது கையை விட்டுத் துழாவினார். நானும் பக்கத்தில் முட்டிபோட்டேன். மழை கழுத்து வழியே உள்ளே இறங்கியது. கழற்றிய சாக்கெட்டின் இரண்டு முனைகளையும் தனித்தனியே பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஈரம் புகாமல் டேப் ஒட்டி, கம்பியோடு சேர்த்து நேர்த்தியாகக் கட்டியிருந்தார். கெடுத்து வைக்கும்போதுகூட இத்தனை சுத்தமாகக் கெடுத்து வைக்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பெட்டிக் கயிறு அறுக்க வைத்திருந்த கத்தியால் சாக்கெட்டைச் சுற்றியிருந்த டேப்பையும் உறையையும் அறுத்தேன். ஒரு கையால் அவரால் மாட்ட முடியாது. இடம் தெரியாமல் என்னாலும் முடியாது. அவர் ஒரு முனையைப் பிடித்துக் காட்டினார், நான் மற்ற முனையை வைத்து அழுத்தினேன்.

"இன்னும் அழுத்து. இன்னும். டிக்குன்னு கேக்கணும்."

கேட்டது. ஓடி வந்து ஏறி மறுபடி சுவிட்சைத் தள்ளினேன். விளக்கு சிமிட்டியது. நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பதறிப்போனார்.

"இது நான் இல்ல! சத்தியமா! உள்ள பல்லும் பல்லும் நேரா வந்தாதான் பூட்டு விழும். கொஞ்சம் முன்ன பின்ன அசைச்சுக் குடு."

ஒரு சாண் முன்னால், ஒரு சாண் பின்னால். அடியில் ஏதோ டக்கென்று கவ்வியது. விளக்கு நின்று எரிந்தது.

"ஸ்டியரிங் நேரா இருக்கட்டும். திருப்பாத. மெதுவா குடு, மெதுவா."

மெதுவாகக் கொடுத்தேன். அதுவரை சும்மா நின்ற வலது சக்கரம் ஜல்லியைப் பற்றியது. வண்டி ஒருமுறை குலுங்கி, முன்பக்கத்தால் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு மேலே வந்தது. பின்சக்கரங்கள் குழியிலிருந்து சளக்கென்று விடுபட்டன. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. நேராகப் போவேனே தவிரத் திரும்பமாட்டேன் என்று அடம்பிடித்தது. எனக்கும் நேராகத்தான் போக வேண்டியிருந்தது. ஏற்றம் முடியும்வரை அவர் உடம்பைப் பாதி வெளியே நீட்டி, மழையில் நனைந்துகொண்டு, அந்த இரண்டு சக்கரங்களும் ஒன்றாகச் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மேட்டில் சிமெண்ட் தரை ஆரம்பிக்கும் இடத்தில் கையைக் காட்டினார். "நிறுத்து. இப்ப பூட்ட எடுத்துட்டு அப்புறம் திருப்பு."

எடுத்துவிட்டுத் திருப்பினேன். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

கொட்டகை வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். தலைமுதல் கால்வரை சேறாக இறங்கிய எங்களைப் பார்த்து, "அண்ணி, குஞ்சு வாங்கப் போனீங்களா, எருமை குளிப்பாட்டப் போனீங்களா?" என்றாள். சத்தம் அடங்கிய மூலைப் பெட்டியைத்தான் முதலில் தூக்கினேன். தார்ப்பாய் விலகி ஒரு பக்கம் நனைந்திருந்தது. திறந்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, கண்ணை மூடிக் கிடந்தன. ஹீட்டருக்கு அடியில், உமி பரப்பிய தரையில், ஒவ்வொன்றாக எடுத்து விட்டேன். நாத்தனார் மற்ற பெட்டிகளைத் திறந்தாள். அவை கொட்டிவிட்ட கடலை மாதிரி ஓடிப் பரவின. என் பெட்டிக்காரர்கள் மட்டும் கிடந்தார்கள்.

அவரும் வந்து உட்கார்ந்தார். நான் ஒரு குஞ்சை எடுத்து அலகை வெதுவெதுப்பான தண்ணீரில் தோய்த்தேன். விழுங்கியது. கழுத்து நிமிர்ந்தது. இன்னொன்று. பிறகு நான் தொடாத ஒன்று தானே எழுந்து, தள்ளாடி, விழுந்து, மறுபடி எழுந்தது. அப்புறம் அந்தக் குவியலே மெல்லக் கலைய ஆரம்பித்தது. இரண்டு மட்டும் எழவில்லை. அதை யாரும் சேதமென்று சொல்லமாட்டார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

அவர் மாவுக்கட்டில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டே பேசினார்.

"எங்கிட்ட வர்றது எல்லாமே ஒடஞ்சதுதான். நல்லா ஓடுறது எதுக்கு எங்கிட்ட வரப்போகுது? அந்தப் பூட்டு வேலை செஞ்சு நான் பாத்ததே இல்ல. ஒடஞ்சத மட்டும்தான் பாத்திருக்கேன்."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"உன் கொட்டகையும் அப்படித்தான்," என்றார் மெதுவாக. "சொன்ன நாள்லேருந்து, இது எப்ப ஒடையும், நான் எப்படிச் சரி பண்றதுன்னே யோசிச்சிட்டிருந்தேன்."

சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் எனக்குள் எங்கே போனதென்று தெரியவில்லை. சுற்றிலும் குஞ்சுகள் குடித்தன, கொத்தின, ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடின. அவர் அவற்றின் நடுவில் காலை மடக்க இடமில்லாமல், எதையும் மிதித்துவிடக் கூடாதென்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். சும்மா இருந்து பழக்கமில்லாத மனுஷன்.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்ய வேணாம். எல்லாம் நல்லா இருக்கு. சும்மா பாருங்க."

பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டு, நாத்தனார் வந்து சாப்பிடக் கூப்பிட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.