ட்யூபாக்காரன் இடம்

நாலாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா வந்து டெல்ஃபினாவின் கையைத் தட்டிவிட்டாள். தம்பி ரெமியின் மார்பின் மேல் குனிந்து, போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பொன்னிறக் கரை வைத்த சிவப்புக் கோட்டு அது, பேண்டுக்காரர்களின் கோட்டு. ரெமியின் தோள் விறைத்துப்போயிருந்தது. கோட்டைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். அம்மா தனியாகவே இழுத்தாள். அக்குளில் தையல் பிரியும் சத்தம் கேட்டது.

"அவனுக்கு அது பிடிக்கும்மா."

"பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கிட்டுப் போன ஸ்வெட்டர் இருக்கு. அதை எடு."

நேற்று மதியம் செய்தி வந்ததிலிருந்து அம்மா அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். ஸ்வெட்டர் கைக்குப் பத்தவில்லை. மணிக்கட்டு இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அம்மா அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ரெமி என்கிற ரெமிஹியோவுக்கு இருபத்திரண்டு வயது. தெற்கே ஒரு கிராமத்தில் மாதா திருவிழாவுக்கு வாசித்துவிட்டு, விடிய விடிய ஆட்டம் முடிந்து, தூங்காமலே வேன் எடுத்தார்கள். விடியும் நேரத்தில் ஓட்டுநர் கண்ணசந்துவிட்டான். வேன் பள்ளத்தில் இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் பதினாலு பேர். கை ஒடிந்தவர்கள் உண்டு, பல் போனவர்கள் உண்டு. செத்தது ரெமி ஒருவன்தான்.

டெல்ஃபினா சுரங்க ஊரான ஒரூரோவில் அரசுப் பள்ளி ஒன்றில் பாட்டு டீச்சர். பெரிய நகரமான லா பாஸில் இருக்கும் இசைக் கல்லூரியில் சேர வேண்டுமென்றால் சின்ன வயதிலிருந்தே பியானோ பழகியிருக்க வேண்டும். அவள் பள்ளியில் பியானோவே கிடையாது. வருஷத்துக்கு நாலு பேர் பஸ் ஏறிப் போவார்கள், நாலு பேரும் இடம் கிடைக்காமல் திரும்பி வருவார்கள். இனி வாத்தியத்தைத் தொட மாட்டோம் என்று அழுபவர்களை உட்காரவைத்து, "கல்லூரிக்குத்தான் கதவு ஒண்ணு. பாட்டுக்கு நிறைய இருக்கு" என்பாள். அவளே அலைந்து இடம் பிடித்தும் கொடுப்பாள். ஒருத்தன் ராணுவ பேண்டில் கிளாரினெட். ஒருத்தி ரேடியோ நிலையத்தில் ஒலிப்பதிவு. வாயில் ஓட்டை விழுந்த எக்காளங்களுக்குப் பற்றவைக்கும் பட்டறையில் இரண்டு பேர். மற்றவர்கள் எல்லாம் திருவிழா பேண்டுகளில்.

ரெமி இரண்டு தடவை கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்றான். இரண்டாம் தடவை திரும்பி வந்தவன், சுரங்கத்துக்குப் போகப்போவதாகச் சொன்னான். அப்பா சுரங்கத் தூசியில் நெஞ்சு கரைந்து செத்தவர். அன்றைக்கு அம்மாதான் டெல்ஃபினாவின் பள்ளிக்கூடத்துக்கே வந்து, வகுப்பு வாசலில் நின்று, "உன் கையால எத்தனையோ பேருக்கு வழி காட்டுறே. இவனுக்கும் ஒரு வழி பண்ணு. மண்ணுக்குள்ள மட்டும் விடாதே" என்று கெஞ்சினாள். மறுநாளே டெல்ஃபினா தம்பியைக் கலிசாயா மாஸ்டரின் பேண்டில், கீழ்ச்சுரம் ஊதும் பெரிய பித்தளைக் குழலான ட்யூபா வாசிக்கச் சேர்த்துவிட்டாள்.

அதை இப்போது இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பத்து மணிக்கெல்லாம் பேண்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். தலையில் கட்டோடு, கழுத்துத் துணியில் தொங்கவிட்ட கையோடு, சவப்பெட்டியைச் சுற்றி பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். மெல்லுவதற்கான கோக்கா இலைப் பை கை மாறிக் கை போயிற்று. பிறகு உதடு வீங்கிய எக்காளக்காரன் ஒருவன்தான் ஆரம்பித்தான்.

"வேன்ல குறட்டை விடுவான் பாருங்க, அதுலயும் சுருதி சுத்தம். அதை வச்சுத்தான் நாங்க வாத்தியத்தைச் சேர்த்துக்குவோம்."

"பொய் சொல்லாதடா. நீ என்னைக்குடா சுருதி சேர்த்தே?"

சிரித்தார்கள். சிரித்தவன் ஒருவன் விலாவைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்றான். டெல்ஃபினாவுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததும் அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கலிசாயா மாஸ்டர் பருத்த மனிதர். வலது கையில் மாவுக்கட்டு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. டெல்ஃபினாவைப் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்தார்.

"டீச்சர், நான் அவன்கிட்டச் சொன்னேன். சத்தியமாச் சொன்னேன். ட்யூபாவை வேன் மேல கட்டுடா, முன்னாடி வந்து என் பக்கத்துல உக்காருன்னேன். கேக்கல."

"ஏன்?"

"ஸ்கூல் வாத்தியமாம். அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கினதாம். கீறல் விழுந்தா அக்காவுக்குக் கெட்ட பேருன்னான். கடைசி சீட்டுல போய், குழந்தையாட்டம் மடியில வச்சுக்கிட்டான். அந்தப் பின்கதவு..." அவர் நிறுத்திக்கொண்டார்.

போன வெள்ளிக்கிழமை வாத்தியத்தை அவன் தோளில் மாட்டிவிட்டு, "மேல கட்டிக் கிட்டி வச்சே, உன் தோலை உரிச்சிருவேன்" என்று சொன்னது டெல்ஃபினாதான். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவனும் "சரிங்க டீச்சர்" என்று பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சல்யூட் அடித்துவிட்டுப் போனான்.

அவள் நிமிர்ந்தபோது எதிரே அம்மா நின்றிருந்தாள். கையில் தட்டு, தட்டில் ஆவி பறக்கும் கருஞ்சோளக் கஞ்சிக் கோப்பைகள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. மாஸ்டரின் இடது கையில் ஒரு கோப்பையைப் பிடித்துக்கொள்ள வைத்து, "சூடா இருக்கு, பாத்து" என்றாள். அடுத்த ஆளிடம் போனாள். எல்லோருக்கும் கொடுத்தாள். டெல்ஃபினாவைத் தாண்டும்போது தட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

ட்யூபா அடுப்படி மூலையில் பையோடு நின்றுகொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் கொண்டுவந்து வைத்தது. புல்லில் உருண்டுபோய்க் கிடந்ததாம். கட்டைவிரல் அளவுக்கு ஒரே ஒரு நசுங்கல்.

மதியம் எடுத்தார்கள். வாசிக்க முடிந்தவர்கள் ஒன்பது பேர். கல்லறை வரைக்கும் வாசித்துக்கொண்டே நடந்தார்கள். மேட்டு நிலத்துக் காற்று தூசியை அள்ளி வாயில் போட்டது. எக்காளம் அழுதது, முரசு அடி பிசகாமல் விழுந்தது, ஆனாலும் பாட்டுக்கு அடியில் ஒன்றுமில்லை. கால் ஒடிந்த மேஜை மாதிரி அது ஆடிக்கொண்டே போனது. தெருவோரம் நின்றவர்களுக்குக்கூட அது தெரிந்திருக்கும். டெல்ஃபினா தன்னையறியாமல் அந்தக் கீழ்ச்சுரங்களை மூச்சுக்குள் முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

கல்லறைச் சுவர் மாடத்துக்குள் பெட்டியைத் தள்ளி, செங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். கூட்டம் கலையும்போது வாசலருகே ஒரு பெண் டெல்ஃபினாவின் முழங்கையைத் தொட்டாள். யானெத். இருபது வயது. பழைய மாணவி. கோழி வறுவல் கடையில் பாத்திரம் தேய்க்கிறாள். இந்த வருஷம் லா பாஸ் போய்த் திரும்பி வந்த நாலு பேரில் ஒருத்தி. பள்ளியில் ரெமிக்கு அடுத்து ட்யூபா வாசித்தவள் அவள்தான்.

"டீச்சர், இதை இன்னைக்குக் கேக்கக் கூடாது."

"அப்ப கேக்காதே."

யானெத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் போகவில்லை.

"மாஸ்டர்கிட்ட ஏற்கெனவே ரெண்டு பேர் கேட்டுட்டாங்க டீச்சர். பொணத்தை வீட்ல வச்சிருக்கும்போதே கேட்டாங்க. சனிக்கிழமை அடுத்த ஊர்ல திருவிழா. அவருக்கு ஆள் வேணும்."

"சுண்ணாம்பு காயலடி."

"தெரியும் டீச்சர்."

"என் தம்பி எடத்தை என்கிட்டயே கேக்கறே."

"வேற யார்கிட்ட கேப்பேன்?" யானெத் கையை நீட்டிக் காட்டினாள். "எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். சோப்புத் தண்ணில கை வெந்து போச்சு டீச்சர். ஒரு வருஷம் இப்படியே போச்சுன்னா விரலும் வராது, மூச்சும் வராது."

"போ. என் கண் முன்னாடி நிக்காதே."

யானெத் போனாள். பூ விற்பவர்களைத் தாண்டி, கொஞ்ச தூரம் போய், பஸ் வராத இடத்தில் நின்றுகொண்டாள்.

டெல்ஃபினா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறுவென்று, பேண்டுக்காரர்கள் முரசுகளை ஏற்றிக்கொண்டிருந்த வேனை நோக்கிப் போனாள். அது வேறு வேன், வாடகைக்குப் பிடித்தது. பின்கதவைத் திறந்தாள். அறைந்து சாத்தினாள். இழுத்துப் பார்த்தாள். மறுபடி திறந்தாள், மறுபடி அறைந்தாள். முரசுக்காரர்கள் கையில் எடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். எக்காளக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கலிசாயா மாஸ்டர் கண்ணால் அவனை அடக்கினார்.

"சனிக்கிழமை யார் ஓட்டறா?" என்றாள் டெல்ஃபினா.

"என் மச்சான் டீச்சர். நிதானமான ஆள்."

"ஆட்டம் முடிஞ்சதும் கிளம்பக் கூடாது. தூங்கிட்டு, வெயில் ஏறின பிறகுதான் எடுக்கணும்."

"சரி."

"சரின்னு வாயால சொல்லாதீங்க மாஸ்டர்."

அவர் மாவுக்கட்டுக் கையை மார்பில் வைத்தார். "அம்மா சத்தியமா."

"இவளை முன்னாடி உக்கார வைக்கணும்."

"யாரை?"

டெல்ஃபினா பெயர் சொல்லவில்லை. பூக்கடைப் பக்கம் மோவாயால் காட்டினாள். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"வாத்தியம்?"

"ஸ்கூலோடதுதான். மேல கட்டுங்க." பின்கதவை மறுபடி இழுத்துப் பார்த்தாள். "கீறல் விழுந்தா விழட்டும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தபோது அடுப்படி மூலை காலியாக இருந்தது. தரையில் அது நின்ற இடம் மட்டும் தூசியில்லாமல் வட்டமாகத் தெரிந்தது. அம்மா சோளம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொண்ணு வந்தா," என்றாள் நிமிராமல். "வாசல்லயே நின்னா. உள்ள வான்னேன். எடுத்துக்கிட்டுப் போனா."

டெல்ஃபினா காத்திருந்தாள்.

"கையெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. கொழுப்பு தடவச் சொன்னேன்."



சனிக்கிழமை மூன்றாம் நாள், செத்தவர் துணிகளை ஆற்றில் துவைக்கும் நாள். ரெமியின் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு இருவரும் ஊருக்கு வெளியே ஆற்றுக்குப் போனார்கள். ஓரத்தில் இன்னும் பனிக்கட்டி கரையவில்லை. காலை வெயிலில் நெடுஞ்சாலை தெரிந்தது. தெற்கே போகும் வண்டிகள் ஒன்றிரண்டு, கூரையில் மூட்டையோடு, சின்னதாகி மறைந்தன. டெல்ஃபினா ஒவ்வொன்றையும் பார்த்தாள். அம்மா பார்க்கவில்லை. கால்சட்டைகளை, உள்சட்டைகளை, ஒற்றைக் காலுறையைக்கூட விடாமல் கல்லில் அடித்துத் துவைத்தாள். டெல்ஃபினா அவற்றை அலசிப் புதர்மேல் விரித்தாள். தண்ணீர் எலும்பைக் கடித்தது.

கடைசியில் அவன் போர்த்திக்கொள்ளும் கம்பளி. நனைந்ததும் அது ஒரு ஆள் கனம் கனத்தது. அம்மா அதைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடி தூக்கினாள். பிறகு ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறு முனையை மகள் பக்கம் நீட்டினாள்.

"இறுக்கிப் பிடி," என்றாள்.

டெல்ஃபினா பிடித்தாள். அம்மா வலப்பக்கம் முறுக்கினாள், அவள் இடப்பக்கம் முறுக்கினாள். கம்பளி இருவருக்கும் நடுவே கயிறாகத் திரண்டது. அதிலிருந்து தண்ணீர் கூழாங்கற்கள் மேல் கொட்டிக்கொண்டே இருந்தது, முதலில் கலங்கலாக, பிறகு தெளிவாக.