பதினான்கு பக்க ஹிதாயத்துல்லா

ஹிதாயத்துல்லாவைப் பற்றிப் பதினான்கு பக்கம் படிக்க வேண்டிய தேவை உலகத்தில் யாருக்கும் இல்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் எழுதினார். இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனிகளில் குவாலிட்டி பார்த்த கை, ஆர்டருக்கு ஃபைல் போடுவதுபோலத் தனக்கும் ஒன்று போட்டுவிட்டது. வேலை பார்த்த ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பக்கம், அதில் சாம்பிள் துணித்துண்டு ஒன்று பின் அடித்தபடி. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் இரண்டாமிடம் வந்ததும் இருந்தது. ஓடியவர்களே மூன்று பேர்தான் என்பதை மட்டும் அடக்கமாக விட்டுவிட்டார்.

"வேலை கேட்கப் போறீங்களா, சம்பந்தம் பேசப் போறீங்களா?" என்றாள் மனைவி ஜுபைதா. எட்டு மாதமாக வீட்டில் இருப்பவருக்குக் காது அவ்வளவாகக் கேட்காது. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் மச்சானின் மளிகைக் கடையில் உட்கார வேண்டியதுதான். மச்சான் ஸ்டூல்கூட வாங்கி வைத்துவிட்டார்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த பனியன் கம்பெனியில் எச்.ஆர். பார்க்கும் ஜெயசுதாவுக்கு அவர் மகள் வயதிருக்கும். ஃபைலைப் புரட்டிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இது சி.வி.ங்க சார். காலேஜ் வாத்தியாருங்க, ஆராய்ச்சி பண்றவங்க குடுக்கறது. படிச்சது, செஞ்சது எல்லாமே இருக்கும். நாங்க கேட்டது ரெஸ்யூமேங்க. இந்த வேலைக்கு ஆகறது மட்டும், ஒரே பக்கம். இங்கயே எழுதிக் குடுங்க."

"ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டனுங்க மேடம்."

வெட்ட ஆரம்பித்தார். ஓட்டப்பந்தயம் போயிற்று. 'கணினி அறிவு' என்பது வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவது, அதுவும் போயிற்று. அளவு பார்ப்பேன், தையல் பார்ப்பேன், துணியில் குறை பார்ப்பேன் என்று மூன்று வரிதான் மிஞ்சியது. வெளியே காத்திருக்கும் நாலு பேரும் அதையேதான் எழுதியிருப்பார்கள். இவ்வளவுதானா நாம் என்று அவருக்கு வருத்தமாகவே இருந்தது.

"கடைசி கம்பெனியில ஏனுங்க வேலைய விட்டு நின்னீங்க? பதினாலு பக்கத்துல அது மட்டும் இல்லீங்களே" என்றாள் ஜெயசுதா.

மூட்டுவலி என்று சொல்லியிருக்கலாம். ஜுபைதாவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆனால் வெட்டி வெட்டிக் களைத்துப்போனதில் பொய் சொல்லத் தெம்பில்லை.

"ஒரே நெறமா இருக்க வேண்டிய டி-சர்ட்டுல உடம்பு ஒரு நெறம், கை ஒரு நெறமுங்க. டியூப்லைட்டுல பாத்துட்டு ஓகேன்னு நாந்தான் கையெழுத்துப் போட்டது. லாரியில ஏத்தறப்ப வெயில்லதான் தெரிஞ்சுது. ஏத்துன பொட்டியெல்லாம் எறக்கச் சொல்லிட்டு, தப்பு என்னுதுன்னு மொதலாளிகிட்ட நானே போய்ச் சொன்னேன். அன்னிக்கே என்னைய வேலைய விட்டு அனுப்பிட்டாங்க."

"சொல்லாம இருந்திருந்தா?"

"சரக்கு போயிருக்குமுங்க. நானும் வேலையில இருந்திருப்பேன்."

"அத எழுதுங்க."

"அதையா? அசிங்கமுங்க மேடம்."

"போன மாசம் எங்க சரக்கு ரெண்டு கன்டெய்னர் திரும்பி வந்துச்சுங்க. ஏத்தறப்பவே குறையப் பாத்தவங்க அஞ்சு பேரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல."

எழுதினார். 'என் தவறு' என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்த எம்.டி., தாளை நின்றபடியே படித்தார். மறுபடியும் ஒருமுறை படித்தார்.

"நாளைக்குக் காலையில வந்துருங்க."

வெளியே வந்ததும் ஹிதாயத்துல்லா ஜுபைதாவுக்குப் போன் போட்டார்.

"கெடச்சுருச்சு."

"பதினாலு பக்கமும் படிச்சாங்களா?"

"இல்ல. ஒரே பக்கந்தான். அதுல என்ன எழுதுனேன்னு ஊட்டுக்கு வந்து உனக்கும் சொல்றேன். கோவப்படாமக் கேளு."