இடது பக்கத்துக் காய்ச்சல்

ஓட்டுநர் தேர்வு மைதானத்தில் ஆபீசர் முதலில் ஆளைப் பார்ப்பதில்லை, விளக்கைத்தான் பார்ப்பார். விளக்கு சரியில்லை என்றால் ஸ்டியரிங்கைத் தொடவே விடமாட்டார். அடுத்த தேதி வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அடுத்த தேதிக்கு இரண்டு மாதம் ஆகும். அன்று தேர்வுக்கு வந்திருந்த நர்ஸுக்கு ஒரு நாள்கூட அவகாசம் இல்லை. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கிற வேலை கிடைத்திருந்தது, நாளைக் காலையில் லைசென்ஸைக் காட்டினால். காட்டாவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொருத்தி தயாராக இருந்தாள்.

வரிசையில் காருக்குள் உட்கார்ந்தபடியே இடது இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தாள். அது படபடவென்று அடித்துக்கொண்டது. நாடி பிடித்துப் பழகியவளுக்குக் கணக்குப் பார்க்கத் தேவையே இல்லை, நல்ல காய்ச்சல். வலது பக்கமும் அப்படியே.

“என்னங்க, இது ஏன் இப்படித் துடிக்குது?”

பக்கத்து சீட்டிலிருந்த கணவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அவர் தர மேம்பாட்டு ஆலோசகர். அதாவது, அடுத்தவர் செய்கிற வேலையை எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று சொல்வது அவர் உத்தியோகம். மனைவி தேர்வுக்குப் போகிறாளே என்று முந்தின சாயங்காலம் இண்டிகேட்டர் பல்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு எல்இடி மாட்டியிருந்தார். யாரும் கேட்கவில்லை.

“பயப்படாதே. பழைய பல்ப் கரண்டைக் குடம் குடமாக் குடிக்கும். எல்இடி தொண்டையை நனைச்சுக்கும், அவ்வளவுதான். உள்ள பிளாஷர் ரிலேன்னு ஒண்ணு இருக்கு. அது, பல்பு பியூஸ் போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு வேகமா அடிக்குது. டெக்னிக்கலா சொன்னா, அதுக்குச் சுமை பத்தல.”

“என்கிட்ட இருக்கிறதுல கொஞ்சம் எடுத்துக் குடுங்க. பழைய பல்பு எங்க?”

“குப்பை வண்டியில போட்டாச்சு. ஆனா இதுக்கு மருந்து இருக்கு.”

சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். ரெசிஸ்டர். எல்இடி விற்ற கடைக்காரர், வேண்டாம் என்று சொல்லியும் தலையில் கட்டியது. பல்புக்குப் போகிற ஒயரோடு இதையும் சேர்த்துவிட்டால் இது பழைய பல்பு மாதிரிக் கரண்டைக் குடிக்கும், ரிலே ஏமாந்துபோகுமாம். பானெட்டைத் திறந்து, ஒயரை முறுக்கி, ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் முதுகில் அதை டேப் போட்டு ஒட்டினார். இடது இண்டிகேட்டர் நிதானத்துக்கு வந்தது. ஆபரேஷன் முடித்த டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“அப்படியே எரியட்டும். எல்லாரும் பார்க்கட்டும்.”

எல்லாரும் பார்ப்பதற்குள் நாற்றம் வந்துவிட்டது. நர்ஸ் ஓடிவந்து பார்த்தாள். டேப் உருகி, ஹெட்லைட்டின் முதுகு குழைய ஆரம்பித்திருந்தது. இண்டிகேட்டரை அணைத்துவிட்டு, முந்தானையைச் சுற்றி அந்தக் கொள்ளியைப் பிய்த்து எறிந்தாள்.

“சூடாகும், இரும்புல வச்சுத் திருகணும்னு பாக்கெட்லயே போட்டிருக்கேங்க!”

“பாக்கெட்ல எழுதுறவன் எதையாவது எழுதுவான்.”

மறுபடி காய்ச்சல். முன்னால் ஒரே ஒரு கார்தான். அந்தக் காருக்குள் குனிந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார் ஆபீசர்.

அப்போதுதான் தேர்வு முடிந்து ஒரு வழுக்கைத்தலைக்காரர் காரைவிட்டு இறங்கினார். டெய்லர், கழுத்தில் இன்னும் அளவு டேப் தொங்கியது. ரிவர்ஸில் கம்பத்தைச் சாய்த்துவிட்டு வந்திருந்தார். அவர் கார் இவர்களுடையதைப் போலவே, அதே மாடல், அதே வயது.

நர்ஸ் யோசிக்கவில்லை. “அண்ணே, உங்க இண்டிகேட்டர் பல்பெல்லாம் கொஞ்ச நேரம் கடன் குடுப்பீங்களா? பழைய பல்புதானே?”

டெய்லர் அவளையும் கரிந்த டேப்பையும் பார்த்தார். “எடுத்துக்கம்மா. பல்பு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் எரியல.”

அவர் பின்பக்கம் போனார், அவள் முன்பக்கம். அங்கே திருகிக் கழற்று, இங்கே அழுத்தி மாட்டு. ஒன்று சரியாக உட்காராமல் வழுக்கி எஞ்சினுக்குள் விழப் பார்த்தது. சுண்டுவிரலால் தடுத்துப் பிடித்தாள். முன்னால் நின்ற கார் முடித்துக்கொண்டு போய்விட்டது, ஆபீசரின் பூட்ஸ் சத்தம் இவர்கள் பக்கம் திரும்பியது.

கணவர் ஆபீசரை எதிர்கொள்ளப் போனார். “சார், டெக்னிக்கலா இந்த ரிலே எப்படி வேலை செய்யுதுன்னா...”

பல்பு மாற்றுகிறோம் என்று உளறிவிட்டால் போச்சு. ஆனால் அவர் பேச்சு எந்தக் காலத்தில் விஷயத்துக்கு வந்திருக்கிறது? எடிசனில் ஆரம்பித்து மின்சாரத்தின் பெருமையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஆபீசர் கொட்டாவியை விழுங்கினார். பானெட் மூடியது.

“போதும் சார், நகருங்க. இடது போடும்மா.”

போட்டாள். டக்... டக்... டக். ஆரோக்கியமான நாடி.

“வலது.”

டக்... டக்.

“ஏறு. சார், நீங்க இல்ல. அவங்க மட்டும்.”

ரிவர்ஸில் கம்பங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. இறங்கி வந்தபோது லைசென்ஸுக்கான கையெழுத்து அவள் கையில் இருந்தது. டெய்லர் கைதட்டினார், பிறகு தயங்கினார். “அம்மா, பல்பு... மச்சான் வந்து வண்டிய எடுத்துட்டுப் போகணும்.”

“ஐயோ, கழட்டிக்கங்க அண்ணே.”

கணவர் உற்சாகமாக எல்இடிகளை நீட்டினார். நர்ஸ் அவற்றை வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“கடைத்தெருவுல பல்பு வாங்கிக்கலாம். அதுவரைக்கும் கை காட்டிட்டுப் போவோம். வலது நான் பார்த்துக்கறேன்.”

“அப்ப இடது?”

அவள் காரில் அவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

முதல் திருப்பத்தில் தர மேம்பாட்டு ஆலோசகர் கையை வெளியே நீட்டினார். பின்னால் வந்த லாரி வேகத்தைக் குறைத்து ஒதுங்கி நின்றது. அவர் சொல்லி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.